மறதிநோய் உள்ள வீட்டுக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடு ராத்திரியில் கொல்லைக் கதவைத் திறந்து, "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுகிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார். கேமரா, ஜிபிஎஸ் வாட்ச், பேசும் ஸ்பீக்கர், கேஸ் சென்சார் எல்லாம் சேர்ந்த பேக்கேஜை 35,000 ரூபாய்க்கு வாங்கலாம் என்கிறார் பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார். வாங்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: மொத்தமாக வேண்டாம். அந்தப் பட்டியல் பெங்களூரில் இருந்து பார்ப்பவருக்குத் தோதானது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனில் அலாரம் அடித்தால், அவர் உங்களைத்தான் கூப்பிட்டு எழுப்பப் போகிறார். தூக்கம் கெடுவது உங்களுக்கு, அதிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் கதவு. நிலையில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு என்று ஒட்டும் காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஆனால் மலிவான ரகம் கதவருகிலேயே அலறும். அரைத்தூக்கத்தில் இருக்கும் பெரியவர் மிரண்டுபோவார். மணி உங்கள் அறையில் ஒலிக்கும் வயர்லெஸ் ரகமாகப் பாருங்கள். மணிப் பெட்டியும் பேட்டரியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போன அன்று அதுவும் தூங்கிவிடும். கதவின் மேல் விளிம்பில், அவர் கண்ணில் படாமல் ஒட்டுங்கள். அவரை உள்ளே வைத்து வெளியில் பூட்டுவது மட்டும் கூடாது, தீப்பிடித்தால் வழியில்லை. பாத்ரூம் போக எழுந்து, இருட்டில் திசை தெரியாமல் கொல்லைப் பக்கம் போகிறவர்களும் உண்டு. ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்கு ஒன்றைக் கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது அடுப்பு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேஸ் சென்சார் கசிந்த வாயுவைத்தான் கண்டுபிடிக்கும். பால் பொங்கி, சுண்டி, பாத்திரம் கருகினாலும் அதற்குத் தெரியாது. தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் எஃப்எஃப்டி அடுப்பும் அப்படியே. தீ எரிகிறவரை அதற்கு எல்லாம் சரிதான். உங்கள் பிரச்சினை எரிகிற அடுப்பு. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டர் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. குறித்த நேரத்தில் வாயுவை நிறுத்தும் டைமர் வால்வும் விற்கிறது, ஆனால் கேஸ் ஏஜென்சியைக் கேட்காமல் பொருத்தாதீர்கள். சென்சாரும் வேண்டும் என்றால் தரையை ஒட்டி மாட்டச் சொல்லுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கூரையருகே மாட்ட ஏணி கேட்கிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906.

பேசும் ஸ்பீக்கர் தேவையில்லை. ஆளில்லாமல் குரல் வந்தால் குழப்பம்தான் கூடும். கிழமை காட்டும் பெரிய கடிகாரங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தினசரி காலண்டர் தாளை அவரையே காலையில் கிழிக்கச் சொல்லுங்கள். பழைய டேப்லெட் இருந்தால் மொழியைத் தமிழாக்கித் தேதி தெரியும்படி வைக்கலாம்.

கேமராவை ஹாலில், கதவைப் பார்த்தபடி மட்டும் வையுங்கள். மாதச் சந்தா கட்டினால்தான் பதிவு கிடைக்குமா, மெமரி கார்டு போதுமா என்று முதலிலேயே கேளுங்கள். கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அதற்கு ஒரு மினி யுபிஎஸ் வேண்டும்.

இவ்வளவும் வாங்கினாலும் 35,000-இல் பெரும்பகுதி மிஞ்சும். மாதத்தில் சில ராத்திரி துணைக்கு வந்து படுக்க ஓர் ஆளை வைக்க அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள் கொழுந்தனாரிடம். நீங்கள் தூங்குவதும் அவருடைய அம்மாவுக்கான பராமரிப்புதான். முதியோர் உதவிக்கு 14567, உங்கள் மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம்.

கேள்வி: அப்பா வழி தவறிப் போகிறார் என்று ஆன்லைனில் '4ஜி ஜிபிஎஸ் வாட்ச்' வாங்கினேன். ஜியோ சிம் போட்டால் சிக்னலே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்றவர்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அது 2ஜி வாட்சாக இருக்கலாம். ஜியோவில் 2ஜி கிடையாது. வேறு நிறுவன சிம்மைப் போட்டுப் பாருங்கள். 2ஜியில் மட்டும் எடுத்தால் சந்தேகம் உறுதி. பெட்டியையும் விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வதாம்? முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

பதிலுக்குப் பை, சாவிக்கு மாட்டும் புளூடூத் டேக் வாங்கிவிடாதீர்கள். அதில் ஜிபிஎஸ் இல்லை, அக்கம்பக்கத்துப் போன்களை நம்பித்தான் இடம் காட்டும். ஆளில்லாத வயல்வெளியில் உதவாது. அடுத்த வாட்சை வாங்குமுன் தினமும் சார்ஜ் போட யார் கழற்றுவார், யார் திரும்பக் கட்டுவார் என்று வீட்டில் பேசிவிடுங்கள். அதுவரை அப்பாவின் சட்டைப் பையின் உட்புறம் உங்கள் போன் நம்பரைத் தைத்து வையுங்கள்.