கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மனச்சோர்வு, தற்கொலைத் தடுப்பு பற்றி வகுப்பு எடுக்கப் போவதாகச் சொல்லி, பள்ளியில் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். "ஒண்ணும் தெரியாத பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கணுமா?" என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்யட்டும், டீச்சர்?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: கையெழுத்துப் போடுங்கள், அம்மா. மாமியாருடைய பயம் பேத்தி மேலுள்ள பாசத்தில் வருவது, அவரிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் தற்கொலையைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது சரியல்ல. ஏற்கெனவே உள்ளுக்குள் தவிக்கிற பிள்ளைக்கு, யாராவது நேராகக் கேட்பதே பெரிய ஆறுதல்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பிள்ளைகளே நடித்தும் பேசியும் பழகிய வகுப்புகளில், ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால்தான், எல்லோரையும் மைதானத்தில் உட்கார வைத்து மைக்கில் பேசிவிட்டுப் போகிற கூட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2017 ஒக்கி புயலில் அப்பாவைக் கடலில் இழந்த பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவன் அழவே இல்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வந்தான், கால்பந்தை விட்டான், மத்தியானச் சோற்றைத் தொடாமல் வைத்தான். அடாவடிப் பையன் என்றே பள்ளியில் பேசினார்கள். இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவனிடம் வந்த மாற்றத்தை முதலில் கவனித்தது பக்கத்து பெஞ்சுப் பையன்தான். அவன் வந்து சொன்னதால்தான் எங்களுக்கே தெரிந்தது.

பிள்ளைகள் முதலில் மனம் திறப்பது கூட்டாளியிடம்தான். அதனால் "செத்துப் போகலாம் போல இருக்கு, யாரிடமும் சொல்லாதே" என்று ஒருத்தி சொன்னால், அந்த ரகசியத்தை மட்டும் காக்கக் கூடாது, அவளைத் தனியாக விடாமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும். வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லித் தரட்டும். 14416, 104 ஆகிய அரசு உதவி எண்களில் இரவிலும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கையெழுத்துப் போடும்போது தலைமை ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பேச வருகிற பிள்ளைக்கு, அன்றைக்கே உட்கார்ந்து கேட்க யாரை வைத்திருக்கிறீர்கள்?