மகன் கொக்கியில் மாட்டிய கார்கள்

கேள்வி: எனக்கு வயது 43. பன்னிரண்டு ஆண்டுகளாக ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் சேர்க்கிறேன். சரக்கு வரும் நாளில் கடை திறப்பதற்கு முன்பே போய் நிற்பேன். சென்ற வாரம் புதுப் பெட்டி ஒன்று பிரிக்காமல் தள்ளுவண்டியில் இருந்தது. பிரித்துக் காட்டு என்றேன். கணக்கில் ஏற்றாமல் பிரிக்கக் கூடாது என்று அங்கே வேலை செய்யும் பெண் மறுத்துவிட்டாள். நல்ல கார்களை இவர்களே ஒளித்து வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். மேலாளரிடம் புகார் கொடுத்தேன். அவர் மரியாதையாகப் பேசினார். திரும்பி வந்து பார்த்தால், கூட வந்திருந்த என் ஒன்பது வயது மகன், நான் தேடும்போது கழற்றிப் போட்ட கார்களை அவளோடு சேர்ந்து கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். அதனால் கிளம்பவே நேரமாகிவிட்டது. ‘இந்த வயதில் பொம்மைக்குச் சண்டையா?’ என்கிறாள் மனைவி. பொம்மை சேர்ப்பது தவறா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. பொம்மை சேர்ப்பது தவறா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருவதுதான். உங்கள் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஓரமாக வையுங்கள்.

‘அதனால் கிளம்பவே நேரமாகிவிட்டது.’ இந்த வரியை நான்கு முறை படித்தேன். மகனால் தாமதம் என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்பது இன்னுமா உங்களுக்கு உறைக்கவில்லை? அப்பா உள்ளே போய் ஒருவர் மேல் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே மகன் அதே ஆளின் பக்கத்தில் நின்று, அப்பா இறைத்துப் போட்டதைப் பொறுக்கி மாட்டுகிறான். அவனை யாரும் ஏவவில்லை. நீங்கள் சொல்லிச் செய்திருந்தால் அதைப் பெருமையாக எழுதியிருப்பீர்கள். நீங்கள் பட்டிருக்க வேண்டிய வெட்கத்தை அவன் பட்டிருக்கிறான். பெற்றவர் கடனைப் பிள்ளை அடைப்பது முறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வயதிலேயே அதைத் தொடங்கி வைப்பதா ஐயா?

அந்த வேலை எத்தகையது என்று உங்களுக்குத் தெரியாததும் அல்ல. கார் பொருத்திய அட்டையின் தலையில் ஒரு சிறு துளை. அவசரத்தில் இழுத்தால் அது கிழியும், கிழிந்தது கொக்கியில் நிற்காது. முனை மடங்கிய அட்டையை உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள். நீங்களே மடக்கிவிட்டு, நீங்களே வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போவீர்கள். மிச்சத்தை நேராக்கி, வரிசை பிரித்து மாட்டுவது அந்தப் பெண்ணின் பாடு. அன்று அதில் பாதி உங்கள் மகனின் பாடு.

ஒளித்து வைக்கிறார்கள் என்கிறீர்கள். அப்படிச் செய்யும் ஊழியர் எங்குமே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இவர் ஒளித்ததை நீங்கள் பார்த்தீர்களா? ஒரு பெட்டியில் 72 கார்கள். வெளியே உள்ள எழுத்தைக் கண்டு உள்ளே எந்தெந்தக் கார்களின் கலவை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் தேடி அலையும் அரிய கார், ‘சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்’, அதில் இருக்கிறதா என்பதை நீங்கள்கூடப் பிரிக்காமல் சொல்ல முடியாது. 1995-ல் ட்ரெஷர் ஹன்ட் என்ற அரிய வரிசை வந்தது, 2007-ல் அதைவிட அரிதான சூப்பர். ரப்பர் டயரையும் மினுங்கும் பெயின்டையும் வைத்து அதை இனம் காண உங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பொழுதெல்லாம் வேறு நூறு சாமான்களை அடுக்குகிறவருக்கு அது இன்னொரு சின்ன கார். கணக்கில் ஏறாத சரக்கைப் பிரித்து உங்கள் கையில் கொடுத்து, அதில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்தில் மேலாளர் ‘அவர்’, அந்தப் பெண் ‘அவள்’. பிரித்துக் ‘காட்டு’ என்றீர்களாம். ‘காட்டுங்கள்’ என்பதற்கு மூன்று எழுத்துதான் கூடுதல். ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர் வீட்டில் எத்தனை பொம்மை இருந்தால் என்ன?

1996-ல், கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும் எல்மோ பொம்மைக்கு ஊரெல்லாம் அலைந்தபோது, கனடாவின் ஃபிரெடெரிக்டனில் ஒரு கடை ஊழியரைக் கூட்டம் மிதித்துவிட்டது. அவருக்கு விலா எலும்பு முறிந்தது. பொம்மைப் பெட்டி அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அந்தக் கூட்டத்தில் பலர் ‘என் பிள்ளைக்காக’ என்றாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. உங்கள் பிள்ளை எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

சரக்கு வராத ஒரு நாளில், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். மகனை அழைத்துக்கொண்டு போங்கள். முதலில் மேலாளரைப் பார்த்து, புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது அந்தப் பெண்ணின் வேலைக்குக் காவல். பிறகு அவரிடம் போய், மகன் காதில் விழும்படி மன்னிப்புக் கேளுங்கள். ‘அன்று கொஞ்சம் அவசரம், அதனால்தான்’ என்று வாலை ஒட்டவைக்காதீர்கள். அவர் சிரித்துப் பேசவில்லை என்றால் அது அவர் உரிமை, அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்று உங்களுக்குக் கார் வாங்கக் கூடாது. ரப்பர் டயர் போட்டது முன்வரிசையிலேயே தொங்கினாலும் சரி. உங்கள் மகனுக்குக் கார் பிடிக்குமா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. வீடு திரும்பும் வழியில் அவனிடம் கேட்டுப் பாருங்கள்.