கவிழ்த்து வைத்த டம்ளரின் நிழல்

எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் வானம் பார்க்க வருபவர்கள் இந்த வாரம் கேட்டவை.

ஏப்ரலில் ஒரு நாள் நண்பகலில் நிழலே விழாதாமே, மதுரையிலுமா? (செல்லூர் மாணவி)

ஆமாம் அம்மா. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 26-ஐ ஒட்டியும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்து ஏமாறாதே. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் கணக்கு. நாம் அதற்கு நான்கு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம், பாகைக்கு 4 நிமிடம் தாமதம். ஆகவே ஏப்ரலில் 12.17 வாக்கில் பார்.

ஓர் எவர்சில்வர் டம்ளரை நிமிர்த்தி வை: விரிந்த வாயின் நிழல் அடியைச் சுற்றி வளையமாக விழும். கவிழ்த்து வை: ஒன்றுமே இருக்காது. மேலே போகப் போகக் குறுகும் நம் கோபுரங்களும் கவிழ்த்த டம்ளர்கள்தாம்.

அப்படியானால் அக்னி நட்சத்திரம் ஏன் மே மாதத்தில் வருகிறது? (உசிலம்பட்டி விவசாயி)

நல்ல கேள்வி ஐயா. உச்சி தாண்டிய பிறகும் தரைக்கு வரும் வெப்பம், அது இழப்பதைவிடச் சில வாரங்களுக்கு அதிகமாகவே இருக்கிறது. நண்பகலைவிட இரண்டு மணி வெயில் வாட்டுவதும் இதனால்தான். சூரியன் அருகில் வருவதால் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், மார்கழிக் குளிரில்!

சூரியனுக்கு விறகு எது? (ஏழாம் வகுப்புத் தம்பி)

அது எரியவே இல்லை. ஒன்றரைக் கோடி டிகிரி கொதிக்கும் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அதில் குறையும் நிறைதான் வெளிச்சமாகிறது. நொடிக்குச் சுமார் 40 லட்சம் டன். கவலைப்படாதே, இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும்.

கொடைக்கானல் ஆய்வகத்தில் என்ன பார்க்கிறார்கள்? (திருமங்கலம் ஆசிரியை)

நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியன் மேல் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். அந்தப் புள்ளி உண்மையில் கருப்பல்ல. சுற்றுப்புறம் 5,500 டிகிரி, புள்ளி ஓரிரு ஆயிரம் டிகிரி குறைவு. அதனால் மங்கித் தெரிகிறது.

எக்ஸ்ரே பிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்கலாமா?

கூடாது.

வேப்பமரத்தடியில் வெயில் வட்ட வட்டமாக விழுகிறதே? (பக்கத்து வீட்டு அக்கா)

இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், அது சிறிதாக இருந்தால் ஊசித்துளையாக வேலை செய்யும். தரையில் விழுவது சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று உங்கள் வாசல் கோலத்தைப் பார்த்தீர்களா அக்கா? அதன்மேல் அத்தனையும் பிறைகள்.