ராணிக்கெட் தடுப்பூசி போட்டும் முட்டைக்கோழிகளுக்கு இருமல்

நண்பரே, ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டும் கோழிகள் கரகரவென மூச்சு விடுகின்றன, முட்டை ஓடு சுருங்கி வெள்ளைக்கரு தண்ணீராக இருக்கிறது என்கிறீர்கள். இது ஐபி எனப்படும் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். கொரோனா வகை வைரஸ். ராணிக்கெட் தடுப்பூசி இதைத் தடுக்காது. ஆனால் பார்த்து மட்டும் உறுதி செய்ய முடியாது, கால்நடை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். திடீரென நிறைய செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, கூடவே ஈ.கோலை என்ற பாக்டீரியா தொற்றும் வந்தால் அது தேவையா என்று மருத்துவர் சொல்வார். அம்மோனியா நெடி தங்காமல் காற்றோட்டம் கொடுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் புதிதாக இறக்கிய குஞ்சுகள்தான். முதல் இரண்டு வாரத்தில் தொற்றினால் முட்டைக்குழாய் கெட்டு, வளர்ந்தபின் முட்டையே இடாமல் போகலாம். அவற்றுக்குத் தனி ஆள், தனிச் செருப்பு. அப்புறம், ஐபிக்கான ஹெச்120 தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.