ஒன்றே கால் வருடம் கழித்து நன்றி சொல்லலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினைந்து மாதங்கள் ஆகின்றன. மொத்தம் 138 பரிசுகள் வந்தன. முதல் இரண்டு மாதங்களில் 42 பேருக்கு என் கையாலேயே நன்றிக் கடிதம் எழுதி அனுப்பினேன். அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, வீடு மாறினோம், எழுதுவது நின்றுபோனது. மீதி 96 பேருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அனுப்பாமல் இருப்பதே மேல் என்கிறாள் தோழி. பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் எல்லோருக்கும் அச்சடித்த அட்டை அனுப்பிவிடுகிறோம் என்கிறது ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனம். யார் எதைக் கொடுத்தார்கள் என்று குறித்த நோட்டில் சில பக்கங்களும் வீடு மாறியதில் தொலைந்துவிட்டன. என்ன செய்யட்டும்?

பதில்: எழுதுங்கள். 96 பேருக்கும் எழுதுங்கள்.

தோழி சொல்கிற ஒரு வருடக் கணக்கைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆதாரம் இல்லை. மரியாதை முறைகள் பற்றி அமெரிக்காவில் பல தலைமுறையாக ஆலோசனை சொல்லிவரும் எமிலி போஸ்ட் நிறுவனமே, திருமணப் பரிசுக்கு நன்றி எழுத ஒரு வருடம் அவகாசம் உண்டு என்பது தவறான நம்பிக்கை, மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுங்கள் என்கிறது. அவகாசமாகச் சொல்லப்பட்ட ஒன்று, வாய்க்கு வாய் மாறி, கதவை மூடும் கெடுவாக ஆகிவிட்டது. மூன்று மாதம் தாண்டினால் அது தாமதம், அவ்வளவுதான். தாமதமானதால் கடன் தீர்ந்துபோவதில்லை.

உங்களைத் தடுப்பது கூச்சம். 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்று நினைப்பார்களோ' என்ற பயம். இதைப் பற்றி அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம், தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். வாங்குபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவரிடம் கேட்டார்கள். பிறகு வாங்கியவரிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்கள் அதிகமாக மகிழ்ந்திருந்தார்கள், பயந்த அளவுக்குச் சங்கடப்படவும் இல்லை. வார்த்தை சரியாக வந்ததா என்று எழுதியவர்கள் கவலைப்பட, வாங்கியவர்கள் அதிலிருந்த பிரியத்தைத்தான் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் 96 கடிதங்களையும் ஐந்து ஐந்து நிமிடமாகவே எண்ணிப் பாருங்கள். மலை மாதிரி தெரிந்தது எட்டு மணி நேர வேலைதான்.

சரி, அந்த நிறுவனத்துக்கு வருகிறேன். தயவுசெய்து பட்டியலைக் கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு பணிநிறைவு விழா. வந்த பரிசுகளுக்கு நன்றி அட்டை அனுப்பும் பொறுப்பு என்னுடையது. வேலை அதிகமென்று ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் பெயர், அடுத்த கட்டத்தில் பரிசு என்று கணினியில் அட்டவணை போட்டார்கள். நடுவில் ஒரு பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று யாரோ அதை மட்டும் அழித்திருக்கிறார்கள். பெயர்கள் ஒரு வரி மேலே ஏறிவிட்டன, பரிசுகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த வரிக்குக் கீழே இருந்த அத்தனை அட்டையும் தப்பு. ஒரு பெரியம்மா, கண் பார்வை மங்கிய வயதில், இரண்டு தலையணை உறைகளில் கையாலேயே பூத்தையல் போட்டுக் கொடுத்திருந்தார். அவருக்குப் போன அட்டையில், 'தாங்கள் அன்போடு அளித்த ஃபிளாஸ்க்குக்கு நன்றி' என்று இருந்தது. போன் செய்தார். கோபப்படவில்லை. "உறை வந்து சேரலையாம்மா?" என்றுதான் கேட்டார். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்திருந்தால் பிடித்திருப்பேன். பார்க்கவில்லை.

அது தவறுதலாக நடந்தது. தெரிந்தே செய்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நீங்கள் கொடுப்பது 96 பேரின் பெயர், முகவரி, போன் எண். கூடவே, இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தோடு பழக்கமானவர்கள் என்ற தகவலும் போகிறது. விளம்பரம் அனுப்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. நன்றி அட்டை வந்த அடுத்த மாதம், 'உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் நாங்கள்' என்று அழைப்பு வந்தால், எண் எங்கிருந்து போனது என்று விருந்தினர் யோசிப்பார். பட்டியலை வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாக எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறும். அட்டைகள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கேளுங்கள். 'மொத்தமாகத் தபாலில் போட்டுவிட்டோம்' என்பதோடு நிற்கும். உங்கள் கையெழுத்தை ஸ்கேன் செய்து கேட்பார்கள், அதையும் கொடுக்காதீர்கள். கையெழுத்தின் படம் ஒரு அந்நியரின் கணினியில் ஏன் இருக்க வேண்டும்?

கணினியே எழுதித் தரும் நன்றி வாசகங்களும் இப்போது பெருகிவிட்டன. 'தங்கள் பரிசு எங்கள் இல்லத்தில் ஒளியேற்றியது' என்று விளக்குக்கும் வரும், போர்வைக்கும் வரும். உரிய நேரத்தில் போகிற நன்றிக்கு வேண்டுமானால் அது தாங்கும். தாமதமான நன்றியில் அந்த வாசகம் இருந்தால், பதினைந்து மாதம் மறந்துவிட்டு இப்போதும் மனமில்லாமல் அனுப்புகிறார்கள் என்றுதான் படும்.

அப்படியானால் என்னதான் எழுதுவது? கடிதத்தை மன்னிப்பில் தொடங்காதீர்கள். முதலில் பரிசு, அதன் பெயரோடு. அடுத்து அது இப்போது எங்கே இருக்கிறது, எப்படிப் புழங்குகிறது. தாமதத்துக்கு ஒரே ஒரு வரி. மாமியார் உடல்நிலை, வீடு மாறியது எல்லாவற்றையும் விவரித்தால், பரிசு கொடுத்தவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவார். இப்படி எழுதினால் போதும்:

'அன்புள்ள அத்தை, நீங்கள் கொடுத்த சுவர்க் கடிகாரம் எங்கள் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. காலையில் கிளம்பும்போது இரண்டு பேருமே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறோம். வீடு மாறியபோது துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இதை எழுத இவ்வளவு நாள் ஆக்கியது என் தப்பு. நீங்கள் வந்ததும் வாழ்த்தியதும் அப்படியே நினைவில் இருக்கிறது.'

பதினைந்து மாதம் பிந்தியதில் உங்களுக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இதுதான். மறுநாளே நன்றி எழுதுகிறவரால் பரிசு எப்படிப் பயன்பட்டது என்று சொல்ல முடியாது. உங்களால் முடியும். ஆனால் பொய் வேண்டாம். பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றால் 'தினமும் பயன்படுத்துகிறோம்' என்று எழுதாதீர்கள். அவர் ஒருநாள் வீட்டுக்கு வருவார். அதே கடிதத்தில் எந்த உதவியும் கேட்காதீர்கள், வேறு அழைப்பையும் சேர்க்காதீர்கள். பிராயச்சித்தமாகப் பதில் பரிசு அனுப்புவதும் வேண்டாம்.

முகவரி இல்லாதவர்களுக்கு வாட்ஸ்அப் போதும், தனித்தனியாக அனுப்பும்வரை. குழுவில் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது அறிவிப்பு. அதை நன்றிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தொலைந்த பக்கங்கள்தான் உங்கள் உண்மையான சிக்கல். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஊகித்து மட்டும் எழுதாதீர்கள். தப்பான பொருளுக்கு நன்றி சொன்னால், தன் பரிசு எங்கே போனது என்ற கவலையை அவருக்குக் கொடுக்கிறீர்கள். பெரியம்மாவின் போன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் திருமணப் புகைப்படங்களை எடுங்கள். தேர்ந்தெடுத்த ஆல்பம் வேண்டாம், எடுத்த மொத்தப் படங்களையும் நேர வரிசைப்படி பாருங்கள். யார் கையில் எந்தப் பொட்டலம், என்ன நிறக் காகிதம், சதுரமா நீளமா என்பது தெரியும். பிரித்த அன்று பக்கத்தில் இருந்த யாராவது, 'அந்தச் சிவப்புக் காகிதத்தில்தானே விளக்கு வந்தது' என்பார்கள். வீடியோவில் இன்னும் தெளிவாக இருக்கும். பொருளின் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியவில்லை என்றால் உள்ளே ஒட்டிக்கொண்ட வாழ்த்துச் சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூடியின் மடிப்புக்குள்தான் அது பெரும்பாலும் சிக்கியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் தெரியாதவர்களை இரண்டாகப் பிரியுங்கள். நெருங்கியவர்களிடம் நேராகக் கேட்டுவிடலாம்: 'குறித்துவைத்த பக்கம் தொலைந்துவிட்டது, நீங்கள் கொடுத்தது எது என்று சொல்லுங்கள், சரியாக நன்றி சொல்ல ஆசை.' இதில் யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்களிடம் கேட்க வேண்டாம். பொருளைக் குறிப்பிடாமல், அவர்கள் வந்ததையும் பரிசு தந்த அன்பையும் சொல்லுங்கள். மேடையில் அவர் பேசிய ஒரு வார்த்தையோ, யாரோடு வந்தார் என்பதோ நினைவிருந்தால் அதை எழுதுங்கள். பொதுவான கடிதம் அந்த ஒரு விவரத்தால் அவருக்கே உரியதாகிவிடும்.

ஆன்லைனில் வாங்கி நேராக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பரிசுகளில் பெயரே இல்லாமல் சில இருக்கும். பார்சல் மேல் இருக்கும் ஆர்டர் எண்ணை வைத்துக் கடையிடம் கேட்கலாம். 'வாடிக்கையாளர் விவரம் தர இயலாது' என்று பதில் வரும். பெயரைத் தர வேண்டாம், பரிசு கிடைத்தது என்ற செய்தியை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்பார்கள். 1924ல் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை, மணமக்கள் தங்களுக்கு வேண்டியதைக் கடையிலேயே பதிந்துவைக்கும் திருமணப் பரிசுப் பட்டியல் முறையைக் கொண்டுவந்து ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. பரிசு எந்தத் தெருமுனையில் வருகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டத் தெரிந்த கடைகளுக்கு, அனுப்பியவர் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் கட்டாயமாக வைக்கத் தெரியவில்லை. வாங்குபவர் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்ய மறந்தால் பெயர் போய்விடுகிறது. அவர் நன்றி வரவில்லையே என்று காத்திருக்கிறார், இவர் யாருக்குச் சொல்வது என்று தவிக்கிறார். இப்படி மனம் கசந்த குடும்பங்களை நான் அறிவேன். நீங்கள் இனி யாருக்காவது இப்படிப் பரிசு அனுப்பினால், 'அனுப்பியிருக்கிறேன்' என்று தனியாக ஒரு செய்தியும் போடுங்கள்.

கடைசியாக, வரிசை. நெருங்கியவர்களில் தொடங்கத்தான் கை போகும், அவர்கள் மன்னித்துவிடுவார்கள் என்பதால். நீங்கள் வயதில் மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். பட்டியலில் உள்ள தாத்தா பாட்டிகளை இன்றே தனியாக எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கடிதம் என்றால் 32 நாள் ஆகும், அவர்கள் முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும். கண்ணுக்குச் சிரமம் இல்லாமல் பெரிய எழுத்தாக எழுதுங்கள்.