முகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பேசுங்கள்

கேள்வி: ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டுக்கு ஃபோட்டோகிராஃபி எடுக்கிறேன். ஆளுக்கொரு செல்ஃப் போர்ட்ரெய்ட் எடுத்து வரச் சொல்லி, ப்ரொஜெக்டரில் போட்டு, எல்லோரையும் கருத்துச் சொல்ல வைத்தேன். ஒரு மாணவியின் படம் வந்ததும் பின்வரிசையில் ஒருவன் "லைட்டப் போடுங்க சார், ஆளே தெரியல" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் இரண்டு நாள் வரவில்லை. இந்த அசைன்மென்ட்டையே விட்டுவிடலாமா, இல்லை வேறு மாதிரி நடத்த வழி இருக்கிறதா?

விட்டுவிடாதீர்கள். அந்தப் பையன் அடித்தது மட்டமான ஜோக், தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருப்பீர்கள், சரி. ஆனால் அந்த 'ஆளே தெரியல'வுக்குள் ஒரு எக்ஸ்போஷர் பாடம் (படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பது) இருந்தது, அது அன்றைக்கு நடக்காமலே போய்விட்டது. என் ஊகம், அவர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்திருப்பார் (முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள், வீட்டில் வேறு காலி இடம் ஏது). ஃப்ரேமை அடைத்துக்கொண்டிருக்கும் வெள்ளையைக் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், மாநிறமோ கருப்போ உள்ள முகம் அதில் அமுங்கிப்போகும். போதாக்குறைக்கு ட்யூப்லைட் எரிகிற அறையில் ப்ரொஜெக்டர் போட்டால் நிழலில் மிச்சமிருக்கிற விவரமும் வெளுத்துவிடும்.

ஃபோன் என்றால் முகத்தின் மேல் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியன் அடையாளத்தை மேலே இழுக்கச் சொல்லுங்கள். கேமரா என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ப்ளஸ் ஒன்று வரை ஏற்றிப் பார்க்கட்டும். பியூட்டி மோடை அணைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் அடுத்த தடவை எல்லோரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்து நிற்பார்கள். கலர் ஃபிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க கோடக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த 'ஷர்லி கார்டு'களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. இதை அந்தப் பையனுக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி விமர்சனத்துக்கு வருவோம். என் வகுப்பில் ஒரே ஒரு கெடுபிடி உண்டு: "நீ", "உன் மூக்கு", "உன் சிரிப்பு" என்று யாரும் பேசக் கூடாது, "படத்தில் இருப்பவர்" என்றுதான் பேச வேண்டும். முதல் பத்து நிமிடம் கோர்ட்டு நாடகம் மாதிரி இருக்கும், சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். இதை ஏதோ நாகரிகத்துக்காகச் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிடாமல் இருக்க, முதல் நாளே இப்போலித் பேயாரின் 1840-ஆம் வருடப் படத்தைக் காட்டிவிடுவேன். புகைப்பட முறை ஒன்றை அவரும் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தார், ஆனால் பிரெஞ்சு அரசாங்கத்தின் ஆதரவெல்லாம் இன்னொரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்த டகேருக்குப் போய்விட்டது. அந்தக் கடுப்பில், தண்ணீரில் மூழ்கிச் செத்தவனாகத் தன்னையே படமெடுத்து, இதோ பேயாரின் பிணம் என்று பின்பக்கத்தில் எழுதியும் வைத்தார். அதற்கப்புறம் 47 வருடம் உயிரோடு இருந்துவிட்டு 1887-இல்தான் போய்ச் சேர்ந்தார். படத்தில் இருப்பவர் வேறு, எடுத்தவர் வேறு என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருந்ததில்லை.

பேசுகிற வரிசைக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் அமெரிக்காவில் உருவாக்கிய நாலு படி முறையைக் கொஞ்சம் நம் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அவர் முறையில் முதலில் பார்த்தவர்கள் தங்களைப் பிடித்து நிறுத்தியது எது என்று சொல்வார்கள், பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார், பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள் (கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது, "ஏன் இவ்வளவு டல்லாக எடுத்தாய்" என்பது கேள்வியே இல்லை), கடைசியில்தான் கருத்து, அதுவும் "லைட்டிங் பற்றி ஒன்று சொல்லட்டுமா" என்று அனுமதி வாங்கிக்கொண்டு. வேண்டாம் என்று சொல்ல எடுத்தவருக்கு உரிமை உண்டு. இதற்கெல்லாம் முன்னால் நான் சேர்த்தது ஒரு படி: இரண்டு நிமிடம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்வது. "நல்லா இருக்கு"வுக்கு அப்போது தடை.

போன வருடம் ஒரு பெண் பீரோக் கண்ணாடியில் எடுத்த படம். ஃபோன் பாதி முகத்தை மறைக்கிறது, மேலே ட்யூப்லைட்டின் ஒரு முனை, பீரோ கைப்பிடியில் ஒரு துணிப்பை. பார்த்த உடனே கேட்டிருந்தால் "மிரர் செல்ஃபி, சாதாரணம்" என்று முடித்திருப்பார்கள். தெரிவதைச் சொல்லுங்கள் என்றதும் நாலாவதோ ஐந்தாவதோ ஆள் "கண்ணாடி ஓரத்தில் ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டு" என்றான். படத்தில் இருப்பவரின் நெற்றியில் பொட்டு இல்லை. யாருடைய பொட்டு என்று ஒரு பெண் கேட்டாள். அம்மாவும் அக்காவும் ஒட்டி வைத்தது, தான் வைத்துக்கொள்வதில்லை, இது வீட்டில் தினமும் நடக்கிற சண்டை என்று பதில் வந்தது. அப்புறம் பத்து நிமிடம் பொட்டைப் பற்றியே ஓடியது: ஃபோகஸ் கண்ணாடியின் பரப்பில் விழ வேண்டுமா, அதற்குள் தெரிகிற முகத்திலா? ட்யூப்லைட்டை வெட்டிவிட்டுப் பொட்டு வரிசையை முழுசாக உள்ளே கொண்டுவரலாமா?

நாற்பது பேரையும் ஒரே மூச்சில் நடத்தாதீர்கள், இருபதாவது படத்துக்கு மேல் யாருக்கும் கண் இருக்காது. ஆறு பேர் குழு, ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். முடிந்தால் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள், படம் சுருங்குவது ஒரு பக்கம், அன்று இரவே அது ஸ்டிக்கராகி ஊரைச் சுற்றும். ஆளுக்கு மூன்று படம் எடுத்து வந்து, எதை ஒட்டுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். முகம் காட்ட விருப்பமில்லாதவர் நிழலையோ கையையோ எடுக்கலாம். விவியன் மேயர் சிகாகோவில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்துகொண்டு தன் நிழலையும் கடைக் கண்ணாடியில் விழும் பிம்பத்தையும்தானே அத்தனை தடவை எடுத்தார்? விமர்சனம் நடக்கிற இடத்திலேயே மார்க் போடுவதும் கூடாது.

இன்னொன்று, நிறையப் பேர் "என் படம் எனக்கே பிடிக்கல சார்" என்று வருவார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒருவருடைய படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டியதில் அவருக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது பிடித்தது, தோழிகளுக்கு நேரான படம் பிடித்தது. பழக்கம்தான் காரணம். இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும்.

அந்த மாணவியிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பு முன்னால் மன்னிப்பு, சமாதானம் எல்லாம் வேண்டாம், அது இரண்டாவது தடவை மேடையேற்றுவது போல ஆகிவிடும். மீட்டர் விஷயத்தைச் சொல்லி, இஷ்டமிருந்தால் அடர்ந்த நிறப் பின்னணியில், ஜன்னல் ஓரமாக மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இஷ்டமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த சுற்றில் முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். நான் ஒட்டியபோது நெற்றி ஏறிப்போனதைப் பற்றி ஏதாவது வரும் என்று தயாராகத்தான் நின்றேன். தெரிவதைச் சொல்லுங்கள் என்றதும் முன்வரிசைப் பெண் சொன்னது: "பின்னாடி டெய்லி காலண்டர்ல நாலு நாளா தேதி கிழிக்கல சார்." எனக்கே அது அதுவரை தெரியாது.