வாசகர் கேள்வி – பதில்: குபாலா இரவு

கே: எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் ரஷ்யர்கள் ஜூலை 6 இரவு ‘குபாலா’ கொண்டாடப் போகிறார்களாம். போலந்துக்காரர் ஒருவரோ அது ஜூன் 23 இரவே முடிந்துவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, உப்புவெளி

ப: இருவர் சொல்வதும் சரிதான். கோடையின் நீண்ட பகலையொட்டிய இந்த இரவு, ஜூன் 24 இல் வரும் திருமுழுக்கு யோவானின் பிறந்தநாளோடு சேர்ந்துவிட்டது. கத்தோலிக்கப் போலந்து அதற்கு முந்திய இரவைக் கொண்டாடுகிறது. ரஷ்யத் திருச்சபை பின்பற்றும் ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பிந்தியது. அதனால் அவர்களுக்கு அந்தப் பிறந்தநாள் ஜூலை 7. உண்மையான நீண்ட பகல் போய் இரண்டு கிழமைக்கு மேலாகியிருக்கும், அது வேறு கதை!

கே: குபாலா இரவில் மெழுகுதிரி ஏற்றி நீரில் மிதக்கவிட மலர்வளையம் கட்டித் தரச் சொல்கிறார்கள். எப்படிக் கட்டுவது?
– வாசகர், நிலாவெளி

ப: அவர்கள் ஊரில் காட்டுப்பூக்களோடு மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியையும் சேர்ப்பார்கள், நீரில் வாழும் ருசால்கா என்ற பெண் ஆவிகள் அந்த வாசனைக்கு அண்டாதாம். இங்கே பத்துப் பன்னிரண்டு பச்சை ஈர்க்கை ஒன்றாக வளைத்து, ஒரு சாண் அகல வளையமாக வாழைநாரால் கட்டுங்கள். நடுவில் இரண்டு அங்குலத் தடிப்பான வாழைக்குற்றித் துண்டை வைத்து, குறுக்கே ஈர்க்குக் குத்தி வளையத்தோடு இணையுங்கள். அதன் மேல் நிறுத்தும் மெழுகுதிரி கட்டையாக இருக்கட்டும். உயரமானது முதல் அலையிலேயே சரிந்துவிடும். பூவை ஒரு பக்கம் குவித்தாலும் வளையம் கவிழும். கம்பி, நைலோன் நூல் வேண்டாம், எல்லாம் கடலுக்குத்தான் போகும்.

மணமாகாத பெண்கள்தான் இதை மிதக்கவிடுவார்கள். தூரம் போனால் கலியாணம் கிட்ட, கரைக்குத் திரும்பினால் இந்த வருடம் இல்லை, மூழ்கினால் கெட்ட சகுனம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசுவதால் நம் கரையில் எல்லாருக்கும் நல்ல பலன்தான்! திரி மட்டும் நிற்காது. காற்று அடங்கும் நேரம் பார்த்து விடுங்கள்.

கே: நெருப்பைத் தாண்டுவது ஆபத்தில்லையா?
– வாசகர், ஆறாம் கட்டை

ப: ஆபத்துத்தான். தாண்டினால் உடலும் மனமும் சுத்தமாகும் என்பது நம்பிக்கை. சோடியாகத் தாண்டும்போது பிடித்த கை விடுபடாவிட்டால் அந்த உறவு நிலைக்கும். சுவாலை முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகே தாண்ட வேண்டும். ஓட்டம் காற்றுக்குக் குறுக்காக இருக்கட்டும். காற்றை எதிர்த்து ஓடினால் சுவாலை முகத்தில் அடிக்கும். நைலோன், பொலியெஸ்டர் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நல்லது. ஓலைக் கூரைக்குக் கிட்டவோ, கச்சான் பலமாக வீசும் நாளிலோ மூட்டவே வேண்டாம்.

கே: பன்னம் அந்த நள்ளிரவில் பூக்குமாமே?
– மாணவி, மூதூர்

ப: பூக்காது. பன்னம் இலையின் அடியிலுள்ள வித்திகளால் பரவும் செடி. பூவைக் கண்டவருக்குப் புதையல் தெரியும், எடுத்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லாம் பறிபோகும் என்பது அவர்கள் கதை. அதைத் தேடும் சாக்கில் இளம் சோடிகள் காட்டுக்குள் போவதைப் பெரியவர்கள் அன்று மட்டும் கண்டுகொள்வதில்லை.